சட்டைப் பையில் சூல்தண்டு

நாற்பது வயதுக்கு மேல் என் மனைவி ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்ததை, கணபதி பகுதியில் உள்ள என் லேத் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் வலியப் போய்ச் சொன்னேன். எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

எலுமிச்சைப் பூவில் இதழ்கள் கொட்டியதும், நடுவில் நிற்கும் சூல்தண்டும் பிஞ்சிலிருந்து கழன்று விழும். அன்னூர்ப் பக்கம் ஒரு மரத்தில் மட்டும் அது விழாமல் காயின் நுனியில் மூக்குப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அது மரபணு மாற்றம் என்று இவள் நம்பினாள். அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியரோ, பக்கத்து மக்காச்சோளக் காட்டில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருக்கும் என்றார். அந்த மருந்து ஆக்சின் என்ற ஹார்மோனைப் போல வேலை செய்து, உதிர்க்கும் மரபணுக்களை எழவிடாமல் அடக்கி வைக்குமாம்.

அந்த மரத்தின் மொட்டுகளை வேறு கன்றுகளில் ஒட்டுக்கட்டி, மருந்து வாடையே படாத எங்கள் பட்டறை மாடியில் தொட்டிகளில் வைத்தாள். இங்கும் விழாவிட்டால் அவள் சொன்னது சரி. விழுந்தால் அத்தனை வருட நம்பிக்கையும் போச்சு. தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

கடைசியில் பூத்தது. ஒரு காலையில், கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் சூல்தண்டுகள் கிடந்தன. அவள் கண்ணில் படக்கூடாதென்று பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல இறங்கி வந்தேன். பிஞ்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

மாடிக்குப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவளின் முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க, பிஞ்சு நுனியில தானாக் கழண்ட தடம் வழுவழுன்னு இருக்குது. விழுந்ததை எங்க வெச்சீங்க?"

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். திட்டவில்லை. ஒரு தாளில் பரப்பி எண்ணிக் குறித்துக்கொண்டாள். பிறகு பாதிக் கன்றுகளில் அதே களைக்கொல்லியைத் துளியளவு தானே தெளித்தாள். அடுத்த முறை பூத்தபோது அவற்றில் மட்டும் சூல்தண்டு விழவில்லை.

வாய்மொழித் தேர்வன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தன் கணிப்பு தவறு, மரத்தில் குறையில்லை என்றுதான் பேச்சையே தொடங்கினாள். உதிர்ந்தவை எல்லாமே துணியில்தான் கிடைத்தனவா என்று ஒரு தேர்வாளர் கேட்டார்.

"இல்லீங்க. முதல் நாள் விழுந்தது ஒருத்தர் சட்டைப் பையில இருந்து கிடைச்சுதுங்க. அதையும் எழுதியிருக்கேனுங்க."

அரங்கமே சிரித்தது. அந்த ஒருத்தர் யாரென்று யாரும் கேட்கவில்லை. நானாகவே எழுந்து நின்றேன்.