மீ கோரேங்குக்குப் போதாத சூடு

எனக்கு மீ கோரேங் என்கிற நூடுல்ஸ் வறுவல் என்றால் ஓரம் கருகியிருக்க வேண்டும், புகை வாசம் தூக்க வேண்டும். எங்கள் ஊர் பாடாங் செராய்க் கடைகளில் அப்படித்தான் தருகிறார்கள். எங்கள் வீட்டு அடுப்பிலோ அது தண்ணீர் விட்டுக் குழைந்துபோகும். ஒருநாள் ஆத்திரத்தில் குவாலிச் சட்டியை மீயோடு தூக்கிக் கழுவுதொட்டியில் அடித்தேன். சுவரெல்லாம் மீ தெறித்தது.

என் மனைவி சுவரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பேருக்குள்ளத ஒரே தடவ கொட்டுனா குவாலி சூடு செத்துப்போயிரும்லா. புகை வர்ற வரைக்கும் காய வைங்க. மீய ஈரமில்லாம வடிச்சு, ஒவ்வொரு பிளேட்டா பெரட்டுங்க. இந்த அடுப்பே போதும்."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? இந்த அடுப்புல நெருப்பே இல்ல, நீ சும்மா இரு!" என்று கத்தினேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. இன்று அதே அடுப்பில் அப்படித்தான் பிரட்டுகிறேன், மீ கருகித்தான் வருகிறது. ஆனால் கெடுகுடி சொற்கேளாது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில், கடைக்காரர்கள் பெரிய அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கினேன். "அண்ணே, இது வீட்டு அடுப்புக்கு ஆகாது, ஹோஸ் தாங்காது" என்றார் விற்றவர். அவரையும் முறைத்துவிட்டு வந்து, அதை எங்கள் கேஸ் தோங் சிலிண்டரில் மாட்டினேன்.

தீ சீறிக்கொண்டு முழங்கை உயரம் எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினேன். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் ஹோஸ் குழாய் பட்டென்று கழன்று, அடிபட்ட பாம்பு மாதிரித் தரையில் துள்ளியது. அடுப்பு அணைந்தது. கேஸ் தரையோடு பரவியது.

சமையலறை மூலையில், சாமி படங்களுக்குக் கீழே, அவள் ஏற்றிய குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெளக்க அணைடி!" என்று அலறினேன். தோங்கை மூடியிருக்க வேண்டியவன் நான், அதன் பக்கத்தில் நின்றவனும் நான். என் கையோ முட்டாள்தனமாக அடுப்புக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடுகளில் சாமி விளக்கை வாயால் ஊத மாட்டோம், பூவால்தான் குளிர வைப்போம். "ஊதக் கூடாதுங்க, இருங்க" என்று அவள் படத்திலிருந்து ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

தரையே தீயாக எழுந்தது. அவளுடைய வலது கை எரிவதைப் பார்த்தேன். இழுத்துப் பின்வாசலில் தள்ளிவிட்டு, பிறகுதான் தோங்கை மூடினேன். குழாயடியில் அவள் கையைப் பிடித்தபோது தோல் என் விரலோடு வந்தது. கூலிம் தொழிற்சாலையில் மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிற கை அது. "என் வேலை போயிருமாங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டாக்டரம்மா எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அவள் மலாயில் சொல்லிவிட்டாள், அடுப்பைச் சரியாக மூடாதது தான்தான் என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

புண் ஆறியது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை, வேலை போனது. வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்களிடம் இன்றும் அதையே சொல்கிறாள்: "என் கவனக்குறைவுதான்லா." அவள் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரிடம்கூட அது பொய் என்று நான் சொன்னதில்லை.