அப்பாவின் குடும்பப் பெயர்

என் மகளின் பிறப்பைப் பதியும் படிவத்தில், குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அந்தப் பெயரால் வந்த வினை ஒன்று உண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. பாரிஸின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே குடியிருந்தோம். 2011ஆம் ஆண்டு, வகுப்பில் அடிமை வணிகம் பற்றிய பாடம் நடந்தது. பிரான்சின் நாந்த் துறைமுகத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை ஏற்றி, அத்திலாந்திக்கைக் கடந்து, கரும்புத் தோட்டங்களுக்கு விற்றன. அடிமை முறை ஒழிந்த பிறகு, குடும்பப் பெயரே இல்லாமலிருந்த அவர்களுக்கு எழுத்தர்கள் தமக்குத் தோன்றிய பெயர்களைப் பதிந்துகொடுத்தார்கள் என்றார் ஆசிரியை.

பக்கத்தில் இருந்தவள் கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்காரி, என் ஒரே தோழி. "என் பெயரும் அப்படி வந்ததுதான்" என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். அவளைத் தேற்ற விரும்பினேன். ஒழுங்கான பிள்ளையாகையால் கையை உயர்த்திவிட்டே பேசினேன். எங்கள் பெயரும் எங்களுடையதல்ல, அப்பா இலங்கையிலிருந்து வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர் என்று வகுப்புக்கே அறிவித்தேன்.

ஆசிரியை கேட்காதவர்போலக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். தோழிதான் திரும்பினாள்.

"உன் அப்பா தானாக ஏறி வந்தார். எங்கள் ஆட்களைக் கட்டி ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றா?"

மறுநாளிலிருந்து அவள் வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

பாடம் நடந்த அன்று மாலை, குடியுரிமை விண்ணப்பத்துக்கு அப்பா மாதக்கணக்கில் சேர்த்த பத்திரங்கள் வீட்டு மேசை நிறையக் கிடந்தன. தோழி கோபித்ததை முறையிட்டேன். அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"பள்ளிக்கூடத்திலையோ சொன்னனி? எங்களைப் பிடிச்சுக் குடுத்துப்போட்டியேடி."

 அப்பா பத்திரங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் திரும்ப வைத்தார். அந்த உறை பிறகு எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை; இன்றுவரை அவர் அகதி அட்டையைத்தான் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அதை யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்?

உறையை மூடிவிட்டு அப்பா என்னை அருகே அழைத்து மெதுவாகக் கேட்டார்.

"என்ரை சொந்தப் பேரையும் சொன்னனியோ, பிள்ளை?"

அம்மா அவரை எப்போதும் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். கீழே கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணை.

"இல்லையப்பா. அது எனக்குத் தெரியாதே."

 அப்பா என் தலையைத் தடவி, "போய்ச் சாப்பிடு" என்றார்.

அடி விழாது என்று தெரிந்ததும் எனக்குப் பசித்தது.