பள்ளத்தாக்கின் மூக்கு

எழுபதுகளில் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறைக்குத் தொலைவிலிருந்த ஒரு பள்ளத்தாக்குக்குத் திராட்சை பறிக்கப் போனேன். சிட்னியின் லிட்கம் பகுதியில் இருந்த நண்பன் ஒருவன்தான் கூட்டிப்போனான். அந்தப் பள்ளத்தாக்கின் வைனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவரே எங்கள் முதலாளி. வெயிலில் சிவந்த கழுத்து, பெரிய மூக்கு. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணை மூடி, கிளாசுக்குள் மூக்கை நுழைத்த பிறகுதான் வாய் திறப்பார்.

கடைசி நாள் மதியம் என்னை மட்டும் கிடங்குக்குள் கூப்பிட்டார். இரண்டு பீப்பாய்களிலிருந்து வைன் எடுத்து நீட்டினார்.

“என்ன மணக்கிறது, சொல்லு.”

நான் வைனை வாயில் வைத்தறியாதவன். “முதலாவதில் பழ வாசம். மற்றதில் மழையில் நனைந்த சாக்கு” என்றேன்.

இரண்டாவது பீப்பாயில் சோக்கட்டியால் கோடு போட்டார்.

“இரண்டு வருடமாக எனக்கு ஒரு வாசமும் தெரிவதில்லை. நீ நாளைக்குப் போய்விடுவாய். அதனால்தான் உன்னைக் கேட்டேன்.”

கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

மாலையில் மெல்பேர்னிலிருந்து வைன் வாங்குபவர்கள் வந்தார்கள். அவர் தொப்பியைத் தள்ளினார். கோடு போட்ட பீப்பாயின் வைனைக் கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார்.

“மழையில் நனைந்த சாக்கு. இதை விற்க மாட்டேன்.”

வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

“பாத்தியே, என்ன மூக்கடா இது” என்றான் நண்பன் என் காதில்.

“ஓம்” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.