முதுகு தெரிகிற காட்சி

மார்லீஸ் ஓபிட்ஸ் பெர்லினில் டப்பிங் வசனம் எழுதிப் பிழைத்தவள். அமெரிக்காக்காரன் டி.வி. தொடரை எடுத்து அனுப்புவான். அவன் வாய் அசைகிற அசைவுக்கு நம் ஜெர்மன் பேச்சைப் பொருத்துவது இவள் வேலை. உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டுகிற எழுத்தாகப் பார்த்துப் போட வேண்டும். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். தலைவலி வேறு இடத்தில். அவனுக்கு நாயும் ஜனாதிபதியும் ஒரே 'யூ'. நமக்கு அப்படி முடியுமா? யார் யாரை 'நீ' என்பார், யார் யாரை 'நீங்கள்' என்பார் என்று ஜோடி ஜோடியாக முடிவு கட்டியாக வேண்டும். கட்டினால் கட்டினதுதான். 'நீங்கள்' என்பதிலிருந்து ஒரு நாள் 'நீ'க்கு இறங்கி வரலாம். நீ சொன்ன வாய் மறுபடி நீங்கள் என்றால் அது செருப்படி.

இந்த முடிவு கட்டுவதில் ஊரிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. முத்தம் கொடுத்த மறுநாள் நீ போடுவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றாகச் சேர்ந்து சவக்குழி வரை போய்வந்த இரண்டு போலீஸ்காரர்கள் எந்தக் காட்சியில் நீ போடுவார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஊரார் உறவையெல்லாம் தீர்த்து வைத்தவள், தன் விஷயத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதைதான் இது.

அப்பா நொய்கேல்ன் பக்கம் டிராம் கண்டக்டர். சண்டை முடிந்து அமெரிக்காக்காரன் ஊருக்குள் வந்தபோது, பதினைந்து வயதுப் பெண்ணாக அவன் ஆபீஸில் டைப் அடிக்கப் போனாள். இங்கிலீஷ் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் டைப் அடிக்கிற வேலை. எழுதுகிறவர் குடித்துவிட்டு வராத நாளில் இவளே இரண்டு பக்கம் எழுதிச் செருகினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியே எழுத்தாளராகிவிட்டாள்.

அறுபத்தொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தில் முதலாளி அவளோடு முழங்கை கோத்துக்கொண்டு ஒயின் குடித்தார். "நான் எகோன். இனிமே நாம நீதான், மார்லீஸ்" என்று சொல்லிக் கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். இந்த 'நீ'யைப் பெரியவர்தான் சிறியவருக்குத் தர வேண்டும், ஆணும் பெண்ணுமானால் பெண் தருவதுதான் அழகு. முதலாளியே தருகிறாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை நடையில் எதிரே வந்தவரிடம், "என்ன எகோன், தூங்கினியா?" என்றாள். நாலு டைப்பிஸ்ட் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நின்றார். "காலை வணக்கம், மிஸ் ஓபிட்ஸ். மூணாவது ரீலை முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த நாலு பேரும் கோடைக்காலம் வரைக்கும், "தூங்கினியா எகோன்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேருமா? அதற்குப் பிறகு யாருக்கும் அவள் நீ தரவும் இல்லை, வாங்கவும் இல்லை.

கொன்ராட் ஸீவெர்ஸ் எழுபத்து மூன்றில் வந்தார். கீல் துறைமுகத்துக்காரர், மனைவி விட்டுப் போனவர், இவளைவிட நாலு வயது சின்னவர். ஒரு கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றிய தொடரில் ஹார்லன் என்ற டாக்டருக்குக் குரல் கொடுத்தார். வாய் உலராமலிருக்கக் குரல்காரர்கள் ஆப்பிள் தின்பார்கள். அவர் பாதியை வெட்டித் தான் தின்றுவிட்டு, மீதிப் பாதியைக் குரல் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அவள் காகிதத்தின் மேல் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பாதி ஆப்பிளுக்காகவே, எழுத்தாளருக்கு வேலையில்லாத ஒலிப்பதிவு நாளிலும் வியாழன் தவறாமல் ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டிருந்தாள் அவள். காதல்தான். வேறென்ன?

ஒரு மழை நாளில் அவர் குடை பிடித்து அவளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார்.

"குளிருதா, ஓபிட்ஸ் அம்மா?"

"இல்லை, ஸீவெர்ஸ் சார்." பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"நாம பழகி எத்தனை வருஷம் இருக்கும்?"

இப்படி ஒருவர் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இதே கேள்வியை எத்தனை பேர் வாயில் அவளே வைத்திருக்கிறாள்! சின்னவர் கதவு வரை வந்து நிற்கிறார், தாழ்ப்பாள் பெரியவள் கையில். அவள் தெருவைப் பார்த்தாள்.

"ஏழு வருஷம். பஸ் வந்துடுச்சு" என்றாள்.

இது எண்பதில். அப்புறம் அவர் கேட்கவில்லை.

ஒலிப்பதிவு இயக்குநர் நோவாக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மற்ற ஸ்டூடியோக்களில் குரல்காரர்கள் முதல் நாளே நீ, வா, போ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நோவாக்கிடம் அது நடக்காது. மைக்கில் யார் யாரை நீங்கள் என்கிறார்களோ, கான்டீனிலும் அவர்கள் நீங்கள்தான். "வெளியில நீ போட்டுப் பழகினா உள்ள வாய் தவறும். ஒவ்வொரு படத்துண்டையும் பத்துத் தடவை ஓட்ட எனக்கு என்ன பைத்தியமா?" என்பான். அதனால் ஹார்லன் டாக்டருக்குக் குரல் கொடுத்த ஸீவெர்ஸும், தலைமை நர்ஸ் பெத்துக்குக் குரல் கொடுத்த இல்கா பிராண்டிஸும் பதினோரு வருஷமாக, "உப்பை இப்படி நகர்த்துறீங்களா, ஸீவெர்ஸ் சார்?" என்றே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இல்காவுக்கு நாற்பது வயது, சிரித்த முகம். மார்லீஸ் அவளை ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை.

அந்த டாக்டரும் நர்ஸும் பதினோரு வருஷமாக நீங்கள் போட்டுக்கொண்டிருந்ததில் ஊருக்கே பொறுமை போய்விட்டது. ரொட்டிக் கடை வைத்திருந்த போல் என்ற அம்மா, பொட்டலத்தைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்பாள்.

"எப்பதான் அதுங்க நீ போடும்? என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டியிருக்கார்."

"அமெரிக்காக்காரன் எழுதணுமே, போல் அம்மா."

"அவனுக்கு என்ன தெரியும்? நீங்க எழுதுங்க."

எண்பத்து நாலு அக்டோபரில் வந்த ரீலில் ஒரு காட்சி. டாக்டரின் அம்மா செத்துப்போகிறாள். அவரும் நர்ஸும் ஜன்னலோரம் நிற்கிறார்கள். இரண்டு முதுகுகள், பதினாலு விநாடி. அமெரிக்காக்காரன் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றி என்னமோ பேச வைத்திருந்தான். முதுகு தெரிகிற காட்சி எங்கள் தொழிலில் கடவுள் கொடுத்த வரம். வாய் தெரியாது, எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

சமையலறை மேஜையில் மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து நாலு வயது. காய்ச்சல் கண்டவள் மாதிரி உடம்பு சுட்டது. நாலாம் நாள் நர்ஸுக்கு இப்படி எழுதினாள்: "டாக்டர், நாம இனிமே நீன்னே கூப்பிட்டுக்கலாமா? இதைக் கேக்க எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. பயந்துட்டேன், அவ்வளவுதான்." டாக்டருக்கு: "நீ கேப்பேன்னு தினம் தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எழுதியவள் யாரென்று அவருக்குத் தெரியும். ஆப்பிள் வெட்டுகிற மனுஷருக்கு இது புரியாதா? அவர் வாயால் அந்தப் பதிலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். வெளியே வந்து கான்டீனில் கிளாஸை நீட்டி, "நான் மார்லீஸ்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்படித்தான் அவள் திட்டம் போட்டாள்.

வியாழக்கிழமை நோவாக் காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"ஓபிட்ஸ் அம்மா, இது மூலத்துல இல்லையே?"

"முதுகுதானே தெரியுது, நோவாக் சார்."

"அதுக்காக?" மறுபடி படித்தான். "சரி, போகட்டும். பதினோரு வருஷம் ஆச்சு. கல்லும் கரையும்."

விளக்கு அணைந்தது. திரையில் முதுகுகள் வந்தன. இல்கா தன் வரியைச் சொன்னாள். பிறகு ஸீவெர்ஸ். "நீ கேப்பேன்னு தினம் தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." குரல் உடைந்து வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மார்லீஸ் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நோவாக் ஐந்து தடவை ஓட்டினான். ஐந்து தடவையும் அந்தக் குரல் உடைந்தது. இரண்டாவது தடவையிலிருந்து இருவரும் காகிதத்தைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே சொன்னார்கள். இவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. எதையும் கவனிக்கவில்லை.

முன்னாலேயே எழுந்து கான்டீனுக்குப் போனாள். நுரைக்கிற ஒயின் இரண்டு கிளாஸ் வாங்கினாள். காலை பதினோரு மணிக்கா என்பது போலக் கான்டீன்காரி பார்த்தாள். பார்க்கட்டுமே. ஜன்னலோர மேஜையில் இரண்டு கிளாஸையும் எதிரெதிரே வைத்துவிட்டு நின்றாள்.

ஸீவெர்ஸ் வந்தார். பின்னால் இல்கா வந்தாள். அவள் கை அவர் கைக்குள் இருந்தது.

"பாரு இல்கா," என்றார். "ஓபிட்ஸ் அம்மா எல்லாத்தையும் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காங்க. கிளாஸ்கூட ரெடி."

"நோவாக் சார் சட்டம் இன்னிக்கோட ஒழிஞ்சுதே," என்று இல்கா சிரித்தாள். "மைக்குல நீன்னா கான்டீன்லயும் நீதானே? நான்தான் கேட்டேன். எத்தனை வருஷம் மனசுல கிடந்தது தெரியுமா? உங்களுக்குக் கோயில் கட்டணும், ஓபிட்ஸ் அம்மா."

இரண்டு கிளாஸையும் இருவரும் எடுத்தார்கள். முழங்கை கோத்துக்கொண்டார்கள். "கொன்ராட்." "இல்கா." குடித்தார்கள். முத்தம் கன்னத்தில் ஆரம்பித்து உதட்டில் முடிந்தது. மார்லீஸ் கை தட்டினாள். அவளைச் சுற்றி மற்றவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை. பாவி, நோவாக்கின் சட்டம் மைக்குக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் என்பதை மறந்துவிட்டாளே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளை அது கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

இல்கா அக்காவுக்குப் போன் செய்ய ஓடினாள். ஸீவெர்ஸ் காலிக் கிளாஸ்களுக்கு எதிரே உட்கார்ந்தார். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷன் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான்.

"ஒண்ணு சொல்லட்டுமா, ஓபிட்ஸ் அம்மா? இப்ப சொன்னா தப்பில்லை. ஒரு காலத்துல உங்க வாயிலிருந்து அந்த வார்த்தை வராதான்னு கிடந்தேன். நீங்க பெரியவங்க, பொம்பளை வேற, நான் எப்படிக் கேக்கறது? ஒரு தடவை பஸ் நிறுத்தத்துல லேசா விட்டுப் பார்த்தேன். நீங்க பஸ்ஸைப் பார்த்தீங்க. சரி, இவங்களுக்கு இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன்."

 இருபத்து மூன்று வருஷமாக வாயில் வைத்திருந்ததை அந்த இடத்திலேயே, காலிக் கிளாஸ்களுக்கு முன்னால், துப்பிவிட்டாள்.

"இப்ப தர்றேன். நான் மார்லீஸ்."

அவர் முகம் மாறியது. கோபமில்லை, கேலியுமில்லை. இரக்கம். மேஜை மேல் கிடந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"வேண்டாமே, ஓபிட்ஸ் அம்மா," என்றார் மெதுவாக. "நாம நீங்கன்னே நல்லாத்தானே இருந்தோம்? இப்ப மாத்தினா இல்காவுக்கு வேற மாதிரி தோணும். அப்படியே இருக்கட்டும்."

நீட்டின நீயை மறுப்பதைவிட ஒருவரை அவமானப்படுத்த எங்கள் ஊரில் வழி கிடையாது. அதை அவ்வளவு அன்பாகச் செய்யவும் முடியும் என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். "ஆமாம், ஸீவெர்ஸ் சார். அப்படியே இருக்கட்டும்" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அவளுக்கு அதையும் ஊற்றவில்லை.

அந்த ஜன்னலோரக் காட்சி டி.வி.யில் வந்த மறுநாள் போல் அம்மா ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். மார்லீஸ் ஒரு மேஜை விளக்கைப் பரிசாக அனுப்பினாள், நேரில் போகவில்லை. தொடர் இன்னும் நாலு வருஷம் ஓடியது. நாலு வருஷமும் அவள்தான் எழுதினாள். டாக்டரும் நர்ஸும் நீ போட ஆரம்பித்துவிட்டார்கள், இனி நிறுத்த முடியாது. சண்டையிலும் நீ, சமாதானத்திலும் நீ. ஸீவெர்ஸ் இல்காவிடம் சொல்ல வேண்டிய ஒவ்வொரு நீயையும் அவள் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வியாழனும், "காலை வணக்கம், ஓபிட்ஸ் அம்மா" என்பார். ஒரு நாளும் தவறவில்லை.

எண்பத்தாறில் ஒரு வியாழன். தொடரில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் அப்போது கல்யாணமாகியிருந்தது. இல்கா மைக்குக்கு முன்னாலிருந்து காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஓபிட்ஸ் அம்மா, இங்க 'நீ சீக்கிரம் வீட்டுக்கு வா'ன்னு போட்டிருக்கீங்க. புருஷன்கிட்ட யாரும் இப்படி விறைப்பாப் பேசறதில்லை. நாங்க வீட்ல இப்படிச் சொல்லிக்கறதே இல்லை."

மார்லீஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பேச்சுப் பொத்தானை அமுக்கினாள்.

"எப்படிச் சொல்லிக்குவீங்க?"

இல்கா ஸீவெர்ஸைப் பார்த்து வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். மார்லீஸ் பென்சிலை எடுத்து, ஒரு எழுத்து விடாமல் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.