பர்வின் மேடமும் காணாமல்போன தாழ்ப்பாளும்

பர்வின் மேடம் ஒரு சத்தம் போட்டால் மேட்டூர் மதகு தானாகத் திறந்து, தண்ணீர் கும்பகோணம் வரை பயந்து ஓடிவரும். எங்கள் சமுதாயக் கல்லூரிக்குத் தையல் படிக்க வந்தவர், இப்போது ஆபீசையே ஆள்கிறார். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு வழி சொல்லித்தருவதும் அவர்தான். சொல்லித்தருவது என்றால், திட்டுவது.

நடவு நேரத்தில் பிள்ளைகள் வயல்வேலையை முடித்துவிட்டுத் தாமதமாகத்தான் வருவார்கள். அது தெரியாத புது வாத்தியார் நெடுமாறன், மணி அடித்ததும் வகுப்பைத் தாழ்போட்டுவிட்டார். சேற்றுக்காலோடு வந்த பெண்கள் வெளியே நின்றார்கள்.

மேடம் எல்லார் முன்னாலும் கத்தினார். "நாத்து நட்டுட்டு ஓடி வர்ற புள்ளைங்க சார்! நாளைக்கும் கதவைச் சாத்துனீங்கன்னா, அப்படியே ஊருக்கு பஸ் ஏறிடுங்க."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தாங்க" என்றார் சார். வீம்பு பிடித்த மனுஷன். வேலை போனால் போகட்டும், பியூன் எனக்கென்ன?

மறுநாள் அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. சார் சாத்தச் சாத்தக் கதவு திறந்துகொண்டது. பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

மேடம் நேராக என்னிடம் வந்தார். "தாழ்ப்பாள் எங்கடா?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும் மேடம்."

"எலி ஸ்க்ரூ கழட்டுமா? பாக்கெட்டைக் காட்டு. சாருக்கு வேலை போயிடும்னு அவ்வளவு கவலையாடா உனக்கு?"