தோடி ஆலாபனையில் ஏழு வாயில்கள்

சவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே ஓர் அகன்ற பாறை உண்டு. ஊரார் அதன்மேல் சாமை உலர்த்துவர். கைபேசிக்கு அலை கிட்டுவதும் அங்கே மட்டுந்தான். பணி ஓய்வு பெற்று இம்மலைக்கு வந்த நாள்தொட்டு, காலைதோறும் அப்பாறையின் நிழற்புறத்தில் அமர்ந்து, கைபேசியில் சேமித்துள்ள இசையைக் கேட்டு வருகிறேன். ஆலாபனையின் நடுவே அழைப்பு மணி ஒலிப்பது எனக்குப் பொறுக்காது. ஆதலால் இசை தொடங்குமுன் விமானப் பயன்முறையை இட்டுவிடுவேன். விரல் தானே செய்துவிடும் செயல் அது.

இசை கேட்கையில் ஒரு மாயக்கதை என் கண்முன் விரியும். குரலிழந்த நாடொன்றின் அரசி, கையில் அகலுடன் நிலத்தடிக்கு இறங்குகிறாள். நாட்டின் குரல் ஏழு வாயில்களுக்கு அப்பால் சிறைப்பட்டிருக்கிறது. நாகசுரத் தோடியில் ஒரு சுரம் நிலைகொள்ளும்போது ஒரு வாயில் திறக்கும். இக்கதையை நான் எழுதியதில்லை. மனைவியிடம் மட்டும் சொல்வேன். நான் சொல்ல வந்த நாள்வரை ஆறு வாயில்கள் திறந்திருந்தன.

அன்று மனைவி எங்கள் மகளுடன் முதற்பேருந்தில் ஒடுகத்தூருக்கு இறங்கி, அங்கிருந்து வேலூர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தாள். மார்பில் தோன்றிய கட்டியை ஊசியால் எடுத்துச் சோதித்திருந்தனர். அதன் முடிவு அன்று தெரியும். நானும் வருவதாகச் சொன்னதற்கு அவள் உடன்படவில்லை.

"நீங்க வந்தா எம்மூஞ்சியே பாத்துக்குனு இருப்பீங்க. எனக்குப் பயமாய்டும். வூட்லயே இருங்க."

பதினொரு மணிக்கு அழைப்பதாக மகள் கூறியிருந்தாள். பத்து மணிக்கே பாறைக்குச் சென்றுவிட்டேன். மனத்தை நிலைப்படுத்தக் காதொலிக்கருவியை மாட்டிக்கொண்டு தோடியை ஒலிக்கவிட்டேன்.

அரசி இறங்கினாள். அன்று அவள் நடையில் இடக்கால் சிறிது தாங்கிற்று. என் மனைவியின் நடை அது. முகத்தை மாற்ற முயன்றேன், மாறவில்லை. நாகசுரம் பஞ்சமச் சுரத்தைத் தொடாமலே மேற்காந்தாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏழாம் வாயிலின் முன் அகல் அலைந்தது. சுரம் இறங்கினால் அகல் அவிந்துவிடும் என்று தோன்றிற்று. கற்பனை எனத் தெரிந்தும், இசையை நிறுத்தும் துணிவு எனக்கு வரவில்லை. ஆலாபனை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஒலிக்கவிட்டேன். பதினொரு மணி கடந்தது. பன்னிரண்டும் கடந்தது. நற்செய்தியாயின் இதற்குள் அழைத்திருப்பார்களே என்று எண்ணினேன்.

யாரோ தோளைத் தட்டினர். பாறையின் மறுமுனையில் சாமை துழாவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண். தன் சிறிய கைபேசியை நீட்டினாள்.

"இன்னா சார், போனை ஊறுகா போட்டு வச்சிகிறீங்களா? ஒங்க பொண்ணு எத்தினி தபா போடும்? கெடைக்கலன்னு எனக்குப் போட்டுகிது. பேசுங்க."

"எனக்கு அழைப்பே வரவில்லையே, அம்மா."

"காதுல அத மாட்டிக்கினா இடி வுழுந்தாலும் தெரியாது ஒங்களுக்கு."

அப்போதுதான் என் கைபேசித் திரையின் மேல்மூலையில் அந்தச் சிறு விமானத்தைக் கண்டேன். நாணம் மேலிட, அவளுடைய கைபேசியை வாங்கிக்கொண்டேன். பேசியது என் மனைவி.

"ஒங்க கதை ராணியோட கெளம்பிட்டீங்களா? நான் அப்பவே பொண்ணுகிட்ட சொன்னேன்."

"முடிவு என்ன?"

"சரியாத் தெரியலையாம். வியாழக்கெழம மறுபடியும் ஊசி வச்சி எடுக்கணுமாம்." பிறகு அவளே கேட்டாள்: "ஏழாவது கதவு தொறந்திச்சா?"

"இல்லை. வாயிலில் நிற்கிறாள்."

"தனியாவா?"

"வியாழக்கிழமை நானும் வருகிறேன்" என்றேன்.

"எம்மூஞ்சியப் பாக்கக் கூடாது."

"பார்க்கமாட்டேன்."

"சரி, வாங்க. பஸ்ல ஜன்னல் பக்கம் எனக்கு."

கைபேசியைத் திருப்பித் தந்தேன். அந்தப் பெண் சாமையைத் துழாவப் போனாள். என் கைபேசியில் விமானப் பயன்முறையை நீக்கினேன். தவறிய அழைப்புகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.