ரூடியின் பிக்கப்பை ஓட்டியவர்

வெஸ்காட்டில் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் லோவெல் மாமாவிடம்தான் போக வேண்டும். பிக்கப் லாரி வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு தண்டனை. மிச்சிகனில் எங்கள் பக்கம் பிக்கப் இல்லாதவன் ஆண்பிள்ளையே இல்லை என்பது ஊர் முடிவு. அதனால் ஊரின் ஆண்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை அந்தத் தண்டனையை அனுபவித்து வந்தார்கள்.

கடையின் கண்ணாடி தெருவைப் பார்த்திருக்கும். வண்டி வந்து நிற்பதை மாமா சீப்பும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, இனி எழுந்து ஓட முடியாது என்றான பிறகுதான் வாயைத் திறப்பார்.

“இன்னைக்கு என்ன ஏத்திட்டு வந்த?”

“ஒண்ணும் இல்ல லோவெல். முடி வெட்டத்தான் வந்தேன்.”

“அப்ப உன் தலைய மட்டும் ஏத்திட்டு வந்திருக்க. அதுக்குள்ளயும் ஒண்ணும் கெடையாது. இதுக்கு எட்டு சிலிண்டரு எஞ்சினு.”

வண்டிகளையே பிடிக்காத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டிப் பைத்தியம் அவர். தெருவில் போகும் கார் எந்த வருஷத்தது என்பதை முதுகைத் திருப்பிக்கொண்டு, சத்தத்தை வைத்தே சொல்லுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட வயதில் மூத்த ஜப்பான் பிக்கப் ஒன்றோடு குடித்தனம் நடத்தினார். அதன் பின்தட்டு என் இடுப்பு உயரம். நீளம் ஏழரை அடி. ஊரிலுள்ள புது வண்டிகளில் ஆள் உட்காரும் அறை வருஷா வருஷம் வளர்ந்தது, சரக்கு வைக்கும் தட்டு வருஷா வருஷம் சுருங்கியது. “இது லாரி இல்ல. பின்னாடி பால்கனி வெச்ச வீடு” என்பார்.

டெட்ராய்ட்டின் மூன்று கார் கம்பெனிகளையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. பெரியவன், நடுவன், சின்னவன், அவ்வளவுதான். மூன்று பேருக்கும் சேர்த்து அவரிடம் ஒரு கதை உண்டு. அறுபதுகளில் ஐரோப்பாக்காரர்கள் நம்முடைய கோழிக்கு வரி போட்டார்கள். கோபத்தில் நம் அரசாங்கம் வெளிநாட்டு லாரிகளுக்கு வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. லாரி வரி அப்படியே நின்றுவிட்டது.

“அறுபது வருஷமா கோழி றெக்கைக்கு அடியில உக்காந்திருக்கானுங்க மூணு பேரும். சின்னதா, நல்லதா ஒரு லாரி வெளியிலருந்து வந்துடாம அந்தக் கோழி காவல் காக்குது. ஆனா டி.வி. விளம்பரத்தப் பாரு, பாறை மேல ஏறுது, சேத்த வாரி அடிக்குது. பேசறவன் குரல் மட்டும் சரளைக்கல்லத் தின்னவன் மாதிரி. கோழிக் குஞ்சுக்கு எதுக்குடா அந்தக் குரல்?”

அவர்கள் சின்னக் கார்கள் செய்வதை ஒவ்வொன்றாக நிறுத்தியபோது வாரம் முழுக்க அதே பேச்சு. “சமைக்க வரலன்னு அடுப்பையே இடிச்சுட்டானுங்க.”

நான் பல வருஷம் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் மற்றவர்கள் என்னிடம் உடம்பைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் கேட்டார்கள். மாமா கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே என்ன ஓட்டுகிறார்கள்? பொலிவியாவில் ஒரு சின்ன பிக்கப்பில் பதினைந்து பேரும் மூன்று செம்மறியாடும் ஒரு கட்டிலும் போவதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதைப் பெரிதாக அச்சிட்டு, நாற்காலியில் உட்காருகிறவன் கண்ணில் படும்படி மாட்டிவிட்டார். நாகரிகமான ஜனங்கள் என்று அதன் அடியில் எழுதியும் வைத்தார்.

இவ்வளவு பேசியவருக்குச் சொந்தத்தில் வாய்த்தவர் ரூடி பெரியப்பா. மாமாவின் அக்காவான என் பெரியம்மா டோரிஸின் கணவர். பக்கத்து ஊர் பிக்கப் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வரிசையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். தொழிலாளர்களுக்கான தள்ளுபடியில் சில வருஷங்களுக்கு ஒருமுறை புது வண்டி எடுப்பார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிசு. கடைசியாக எடுத்தது கருஞ்சிவப்பு நிறம். அதற்காக வீட்டுக் கார் ஷெட்டின் வாசலை இடித்துப் பெரிதாகக் கட்டினார். பின்தட்டில் அவர் ஏற்றியதில் கனமானது எது என்று கேட்டால், கிறிஸ்துமஸ் மரம்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் பெரியம்மா வீட்டில் சாப்பாடு, பிறகு யூக்கர் என்ற சீட்டாட்டம். ரூடியும் அவரோடு வேலை பார்த்த ஸ்டானும் ஒரு கட்சி. பெரியம்மாவும் லோவெல் மாமாவும் இன்னொன்று.

“மாப்ள, மழ வர்ற மாதிரி இருக்கு. உன் பொம்ம வண்டிய என் வண்டிக்கு அடியில நிறுத்திக்க” என்பார் ரூடி.

“வேணாம் மச்சான். நீ கெளம்பறப்ப அடியில வண்டி இருக்கறதே உனக்குத் தெரியாது. ஏத்திட்டுப் போயிடுவ.”

“அதுல உக்காந்து ஒரு தடவ ஓட்டிப் பாரு. அப்புறம் பேசு.”

“முடி வெட்டற கை மச்சான் இது. அந்த ஸ்டீயரிங்கத் தொட்டா தீட்டு.”

ரூடி சிரிப்பார். ஸ்டான் சிரிப்பார். பெரியம்மா சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பாள்.

நான் திரும்பி வந்தபோது ரூடி பெரியப்பாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்து சில மாதம் ஆகியிருந்தது. கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு அவர் போர்வை மேல் நடந்தது. அப்படி ஒரு ஞாயிறன்று, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“டோரிஸ், என்ன கொண்டுபோறதுக்கு அந்தக் கறுப்புச் சவ வண்டி வேணாம். என் வண்டியிலயே கொண்டுபோங்க.”

“சரி” என்றாள் பெரியம்மா.

“லோவெல் ஓட்டணும்.”

ஸ்டான் கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்.

“மச்சான், சாகப்போறவன் பேசற பேச்சா இது?” என்றார் மாமா.

“சாகப்போறவனத் தவிர வேற யார் சொன்னாலும் நீ கேக்கமாட்டியே மாப்ள.” தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார் ரூடி. சிரிப்பு இருமலாகி, பெரியம்மா தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் தப்பான சீட்டைப் போட்டார்.

இலையுதிர் காலத்தில் ரூடி இறந்தார். மறுநாள் காலையில் பெரியம்மா நேரே கடைக்கு வந்தாள். அப்போது நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், பாதி முடி வெட்டிய நிலையில்.

“ஓட்டுவியா மாட்டியா?”

“அக்கா, ஸ்டான் ஓட்டட்டும். அவனும் அதே மாதிரி பூதம் ஒண்ணு வெச்சிருக்கான்.”

“ஸ்டான அவரு கேக்கல.”

“என்ன மடக்கறதுக்குன்னே கேட்டிருக்கான் அக்கா. உனக்கே தெரியும்.”

“தெரியும். வேணும்னுதான் கேட்டாரு. இத்தன வருஷமா என் வீட்டுல உக்காந்து, அவரு செஞ்ச வண்டியக் குப்பைன்னு சொன்ன. அவரு சிரிச்சாரு. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வரல. நீ தின்ன சாப்பாடு அந்தக் குப்பை போட்டதுடா.”

மாமா ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்பைக் கழுவத் தொடங்கினார்.

“நீ ஓட்டற” என்றாள் பெரியம்மா. “அன்னைக்கு ஒரு நாள், அந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்தை ஊர்ல யார் காதுலயும் விழக்கூடாது. விழுந்துச்சு, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வேற வீடு பாத்துக்க.”

என் பக்கம் திரும்பினாள். “நீ அவன் பக்கத்துல உக்காந்துக்க. வாயப் பாத்துக்க.”

மாமாவுக்குப் போக வேறு வீடு கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

செயின்ட் ஹெட்விக் சர்ச்சில் பூசை முடிந்தது. மாமா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். கறுப்பு கோட்டு, கையில் தோல் உறை. தொட்டால் தீட்டு என்று சொன்னது நினைவிருந்ததோ என்னவோ. பின்னால் ஸ்டானும் இன்னும் ஐந்து பேரும் சவப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். எல்லோரும் தொழிற்சாலையில் தோள்பட்டையைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள். பின்கதவைத் திறந்து போட்டால்தான் பெட்டி கொள்ளும் என்பது முந்தின நாளே தெரிந்துவிட்டது. உயரத்தை யாரும் யோசிக்கவில்லை. தட்டு அவர்கள் நெஞ்சுக்கு இருந்தது. இடுப்பு வரை தூக்கினார்கள், அதற்கு மேல் கைகள் போகவில்லை. ஸ்டான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மறுபடி எண்ணினார். பாதிரியார் செருமினார்.

மாமா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “லாரின்னா சரக்கு ஏத்தணும்” என்று முணுமுணுத்தார். “ஒரு பொணத்தக்கூட...”

“மாமா.”

“உன் காதுலதானே விழுந்துச்சு. நீ ஊர் இல்ல.”

இறங்கிப் போனார். பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திரும்பி வந்து ஏறி, சர்ச்சின் பக்கவாட்டுப் படிக்கட்டுக்கு வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினார். அங்கே மேல்படியும் தட்டும் ஒரே மட்டம். பெட்டியை உள்ளே தள்ளி, பட்டைகளால் இறுக்கிக் கட்டினார்கள். ஆறு பேரும் மாமாவின் முகத்தையே பார்த்தார்கள், இதோ வரப்போகிறது என்று. வரவில்லை. அது அவர்களை மேலும் கலவரப்படுத்தியது போலிருந்தது.

பங்குப் பள்ளிக் குழந்தைகள் சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். மாமா வண்டியைக் கிளப்பினார். பின்கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. திரையில் சிவப்பு எழுத்து. சில அடி நகர்ந்து, நிறுத்திவிட்டார்.

“முன்னாடி ரோடே தெரியல.”

“திரையில தெரியும் மாமா. முன்னால கேமரா இருக்கு.”

“கண்ணாடி வழியா தெரியவேண்டியது டி.வி.ல தெரியுதாக்கும். வண்டி மூஞ்சிய ஆள் உசரத்துக்குச் செவுரு மாதிரி கட்டிட்டு, செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ள நிக்குதான்னு பாக்க ஒரு டி.வி. மச்சானப் புதைக்கப் போறேன், டி.வி. பாத்துட்டா போவேன்?”

ஜன்னலை இறக்கி ஸ்டானை விரலால் கூப்பிட்டார். ஸ்டான் தயங்கியபடி வந்தார். மாமா தாழ்ந்த குரலில், “நீ முன்னாடி நட. கொஞ்சம் தள்ளி. நான் உன்னப் பாத்து மெதுவா வர்றேன்” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல அனுமதி இல்லை.

ஸ்டான் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நடுச்சாலையில் போய் நின்று நடக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த மற்ற ஐந்து பேரும் ஓடிவந்து அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள், அவர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு. குழந்தைகள் யாரும் சொல்லாமலே நெஞ்சில் கை வைத்தார்கள். தெருவோரம் வண்டிகள் நின்றன. ஆண்கள் இறங்கித் தலை குனிந்தார்கள். அத்தனையும் பிக்கப்புகள்.

கல்லறைத் தோட்டம் வரை நடை வேகம்தான். வெளியே அவ்வளவு அமைதி. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது, மாமா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். இருக்கை முதுகுக்குச் சூடு தந்ததைத் திட்டினார். காப்பிக் கோப்பை வைக்க எத்தனை குழி என்று எண்ணித் திட்டினார். பெரியவனை, நடுவனை, சின்னவனை, அந்தக் கோழியைத் திட்டினார். நடுவில் ஒருமுறை தன் பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்த்தார். “கதவு மட்டும் சரியா மூடுது” என்றார். பிறகு மறுபடி திட்டத் தொடங்கினார்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை, சாசேஜ், உருளைக்கிழங்கு சாலட். வந்தவர்கள் எல்லோரும் மாமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொழிற்சங்கக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் பாதிரியாரே தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எத்தனையோ அடக்கம் பண்ணியிருக்கேன், லோவெல். இப்படி ஒரு மரியாதைய நான் பாத்ததில்ல. வண்டிக்கு முன்னாடி ஆள நடக்க வெச்சீங்களே, எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

பக்கத்து மேஜையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா கூஜாவை நிமிர்த்திப் பிடித்தாள்.

மாமாவின் வாய் நிறைய பியரோகி. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லி வந்ததற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடைக்கப் போவதில்லை. பாதிரியாரே கேட்கிறார், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மாமா மென்றார். நெடுநேரம் மென்றார். அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

“ரூடிக்கு அது பொருத்தமா இருக்கும்னு தோணுச்சு ஃபாதர்” என்றார்.

பெரியம்மா வந்து அவர் கோப்பையில் விளிம்பு வரை காப்பி ஊற்றிவிட்டுப் போனாள்.

பெரியம்மா போட்ட தடை அந்த ஒரு நாளுக்குத்தான். செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் மாமா முதல் ஆளிடமே ஆரம்பித்துவிட்டார். “மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ரோடு தெரியலடா. அதான் ஆள நடக்க விட்டேன்.”

“சரி லோவெல், சரி. உன் மனசு எங்களுக்குத் தெரியாதா” என்றான் அவன்.

அடுத்தவனும் அதையேதான் சொன்னான். மாமா விளக்க விளக்க அவருடைய தன்னடக்கத்தை ஊர் மெச்சியது. குளிர்காலம் முடிவதற்குள் இன்னும் இரண்டு சாவு விழுந்தது. இரண்டிலும் பிக்கப், இரண்டிலும் முன்னால் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தான். இப்போது எங்கள் ஊரில் அதுதான் முறை. முட்டாள்கள் ஊர் என்று மாமா சொல்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் இருக்கும்போது சொல்வதில்லை.

போன வாரம் ஸ்டான் முடி வெட்டிக்கொள்ள வந்தார். கழுத்தில் துணி கட்டியதும், “லோவெல், எனக்கும் நீதான் ஓட்டணும். வீட்டுல சொல்லிட்டேன்” என்றார்.

மாமா அவர் தலையை முன்னால் அழுத்தி, பிடரியில் கத்தியை வைத்தார்.

“உன் வண்டி ரூடி வண்டியவிட அரையடி உசரம். உனக்கு முன்னாடி ரெண்டு பேர் நடக்கணும்.”

“அப்ப ஓட்டுவ?”

“தலைய ஆட்டாத” என்றார் மாமா.